சீல் பிரியாத குறடு

இனிமேல் இந்த வீட்டில் ஒரு நாள்கூட இருப்பதில்லை என்று டெஸ்டர் உரக்க அறிவித்தபோது, அதைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை.

ஆள் இல்லாமல் என்ன? முன்கூடம் நிறைய ஆள். அவர் மனைவி நடத்தும் தையல் வகுப்புக்கு வந்த பெண்கள், சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார்கள். எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் கடகடவென்று ஓடினால் கூரை இடிந்து விழுந்தால்கூடத் தெரியாது. டெஸ்டரின் குரலா கேட்கப் போகிறது? பின்ரூமில் நின்றபடி அதே வாக்கியத்தை இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். இரண்டாம் தரம் அவருக்கே அவ்வளவு வீரமாகப் படவில்லை.

டெஸ்டர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. நாற்காலி, பெஞ்சு, கட்டில் செய்கிற தொழிற்சாலையில் காலமெல்லாம் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர். வேலை என்னவென்றால், உடைப்பது. புது நாற்காலி வந்தால் ஒரு மணல் மூட்டையைச் சங்கிலியில் தூக்கி, தொப்பென்று அதன்மேல் போடுவார். மறுபடி தூக்குவார், போடுவார். நாற்காலியின் கால் முறிகிற வரைக்கும் விடமாட்டார். முறிந்தால் அவருக்கு வாயெல்லாம் பல். 'பாத்தியா, நான் சொன்னேன்ல!' என்று மூட்டையிடம்கூட ஒரு வார்த்தை சொல்வார். பாவம் அந்த மூட்டை. அடிபடுகிற வேலை முழுக்க அதனுடையது. ரிப்போர்ட்டில் நாற்காலியின் பெயர் வரும், கீழே டெஸ்டரின் கையெழுத்து வரும், மூட்டையைப் பற்றி ஒரு பேச்சும் வராது.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகுதான் மூட்டையின் மனசு அவருக்குப் புரிந்தது.

காலையில் மனைவி காபியை வைத்துவிட்டு முன்கூடத்துக்குப் போனால் போனதுதான். மத்தியானச் சாப்பாடு தட்டு போட்டு மூடிக் கிடக்கும். முன்கூடத்தில் ஓயாத சிரிப்பு. சரி, என்னதான் சிரிக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தால், டக்கென்று எல்லா வாயும் மூடிக்கொள்ளும். இவர் திரும்பிப் பின்ரூம் வாசலைத் தாண்டினதும் மறுபடி சிரிப்பு கிளம்பும். வெளிநாட்டில் இருக்கிற மகள் போன் செய்வாள். "எப்படிப்பா இருக்கீங்க?" என்பாள். "நல்லா இருக்கேன்மா. இன்னிக்கி என்ன ஆச்சு தெரியுமா..." என்று இவர் ஆரம்பிப்பார். "சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்பாள். போனைக் கொண்டுபோய்க் கொடுப்பார். கொடுத்த கையோடு கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பார். மனைவி நிமிர்ந்து, "என்னங்க, ஏதாவது வேணுமா?" என்பாள். ஒன்றும் வேண்டாம் என்று திரும்பி வருவார். என்ன வேண்டும் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை, அதுதான் கொடுமை.

அவள் அவரிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பாத்ரூம் தாழ்ப்பாள் கழன்று விழுந்து மாதக்கணக்கில் ஜன்னல் மேல் கிடந்தது. "அதைக் கொஞ்சம் மாட்டுங்களேன்" என்றாள். "பாக்கறேன்" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதுவரை உள்ளே போகிறவர்கள் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. டெஸ்டருக்குத் தெரிந்தது ஒரே பாட்டு. வகுப்புப் பெண்களுக்கு அது மனப்பாடம்.

இப்படி இருக்கும்போதுதான் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி. மலையேறுகிறவர்களுக்கும் காட்டில் தங்குகிறவர்களுக்கும் வேண்டிய சாமான்கள் விற்கிற கடை வைத்திருக்கிறான். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சாதனத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"மாமா, இது மல்டி டூல். பாத்தா சின்னக் குறடு. பிரிச்சா கத்தி, ரம்பம், கத்தரி, அரம், ஸ்க்ரூ டிரைவர், டின் ஓப்பனர். இந்தா பாருங்க, ஓரத்துல நெருப்புக் குச்சி. ஒரசினா பொறி பறக்குமாம். இது ஒன்னு இருந்தா காட்டுல உயிர் வாழலாம்னு கம்பெனிக்காரன் சொல்றான். நம்பி கடையில அடுக்கலாமா? காட்டுல வச்சு நீங்க ஒரு தடவ டெஸ்ட் பண்ணி சொல்லுங்க. உங்களைவிட்டா எனக்கு வேற யாரு?"

உங்களைவிட்டா வேற யாரு! ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவரிடம் யாரும் சொல்லாத வார்த்தை. டெஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முதுகு தானாக நிமிர்ந்தது.

அந்த நிமிஷமே அவர் மனசுக்குள் ஒரு திட்டமும் உருவானது. டெஸ்ட் என்பது ஊருக்கு. உள்ளே இருந்த கணக்கு வேறு. ஊருக்கு வெளியே அணைக்கட்டை ஒட்டி ஒரு காடு. அங்கே இரண்டு ராத்திரி தனியாகத் தங்கப் போவதாகச் சொல்ல வேண்டும். கேட்டதும் அவள் பதறுவாள். "வேண்டாங்க, இந்த வயசுல என்ன காடு?" என்பாள். ஒருவேளை பதறாமல் விட்டாலும் மத்தியானத்துக்குள் வீடு வெறிச்சென்று ஆகிவிடும். போன் மேல் போன் வரும். எடுக்கக் கூடாது. பயந்துபோய் அடுத்த பஸ்ஸைப் பிடித்து அவளே வந்து இறங்குவாள். 'நீங்க இல்லாம வீடு வீடாவே இல்லைங்க' என்பாள். அந்த ஒரு வார்த்தை போதும். அதற்குப் பிறகு ரம்பம் அறுத்தால் என்ன, அறுக்காவிட்டால் என்ன?

அன்று சாயந்திரம் வகுப்பு கலைந்ததும் அறிவித்தார்.

"ரெண்டு ராத்திரி நான் இருக்க மாட்டேன். காட்டுக்குப் போறேன்."

"அப்படியா? அப்ப பால்காரர்கிட்ட பால் கம்மியா ஊத்தச் சொல்லிடறேன்" என்றாள் மனைவி, நூல் கண்டை எடுத்து வைத்தபடி.

"தனியாப் போறேன்."

"சரி."

"அங்க பாம்பு இருக்குமாம்."

"அது பாட்டுக்கு இருக்கும். நீங்க உங்க பாட்டுக்கு இருங்க."

"நரி ஊளையிடுமாம்."

"நீங்க குறட்டை விடுவீங்கள்ல, சரியாப் போயிடும்."

டெஸ்டர் விடவில்லை. அணைக்கட்டுக்குப் போகிற பஸ், இறங்க வேண்டிய நிறுத்தம், அதன் எதிரில் இருக்கிற கல் பெஞ்சு, எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சொன்னார். தப்பித்தவறி அவள் தேடி வரும்போது வழி தவறிவிடக் கூடாதே! அவள் ஒவ்வொரு தடவையும் "ம்" கொட்டினாள்.

அப்புறம்தான் அவருக்கு அந்த நல்ல யோசனை தோன்றியது. பரிசோதனைக் கூடத்தில் ஒரு விதி உண்டு. சாம்பிளைத் துணிப்பையில் போட்டுத் தைத்து சீல் வைப்பவர் ஒருவர், டெஸ்ட் செய்பவர் இன்னொருவர். சீல் வைக்கும்போது டெஸ்ட் செய்பவர் அந்த அறையில் நிற்கவே கூடாது. சீலை டெஸ்ட் நடக்கிற இடத்தில்தான் பிரிக்க வேண்டும். இத்தனை வருஷம் கண்ணும் கருத்துமாகக் காத்த விதி. காடானால் என்ன, கடலானால் என்ன, விதி விதிதான்.

"நீதான் இதை சீல் வைக்கணும்" என்று மல்டி டூலை அவளிடம் நீட்டினார். "கெட்டியான கேன்வாஸ் துணியில போட்டு, நாலு பக்கமும் தச்சுடு. நைலான் நூல். ரெட்டைத் தையல். யாரும் பிரிக்க முடியக் கூடாது."

"யாரும்னா?"

"யாருமேதான். கையால இழுத்தாலும் வரக் கூடாது, பல்லால கடிச்சாலும் பிரியக் கூடாது."

"பல்லாலயும் பிரியக் கூடாதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? விதின்னா விதி. டெஸ்ட் நடக்கும்போது வெளியாள் தொந்தரவும் இருக்கக் கூடாது. தெரியுமில்ல?"

"தெரிஞ்சுக்கிட்டேன்" என்றாள். பின்ரூமுக்குப் போகச் சொல்லி அவருக்குக் கையைக் காட்டினாள். டெஸ்டர் யோக்கியமாகப் பின்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முன்கூடத்தில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டது. கேட்கக் கேட்க அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு தனக்கென்று அந்த மெஷின் ஓடுகிறது!

மறுநாள் காலையில் பை கைக்கு வந்தது. உள்ளங்கை அகலத்தில், மூலையெல்லாம் மடித்து, வரிவரியாகத் தைத்து, பார்க்கக் கண் கொள்ளவில்லை. கையில் வைத்து எடை பார்த்தார். "நல்ல கனம். இரும்புன்னா இதுதான் இரும்பு" என்றார். மனைவி தலையாட்டினாள். கூடவே கத்தி, கத்தரி, தீப்பெட்டி என்று அவள் எடுத்து வைத்ததை எல்லாம் ஒதுக்கித் தள்ளினார். கட்டிக் கொடுத்த சாப்பாட்டையும் தொடவில்லை. டின்னில் அடைத்த பட்டாணியும் டின்னில் அடைத்த பழமும் மட்டும் பையில் போட்டுக்கொண்டார். டின் ஓப்பனரை டெஸ்ட் செய்ய வேண்டாமா?

வாசலில் செருப்பு மாட்ட எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாமோ அவ்வளவு எடுத்துக்கொண்டார். ஒரு 'போகாதீங்க' வருகிறதா என்று காது முன்கூடத்துப் பக்கமே இருந்தது.

"என்னங்க!" என்று குரல் வந்தது. டெஸ்டர் துள்ளித் திரும்பினார்.

"கேட்டைச் சாத்திட்டுப் போங்க, நாய் வருது."

சாத்திவிட்டுப் போனார்.

அணைக்கட்டு நிறுத்தத்தில் இறங்கியது அவர் ஒருவர்தான். பஸ் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனதும் ஒரே அமைதி. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் காடு. நடுவில் கல் பெஞ்சு. காட்டுக்குள்ளே போகலாம்தான். போனால் பஸ்ஸில் வருகிறவள் கண்ணில் படமாட்டாரே! அதனால் காட்டின் முதல் மரத்தைத் தொட்டு 'வந்துட்டேன்' என்று சொல்லிவிட்டுப் பெஞ்சிலேயே முகாம் போட்டார்.

முதல் வேலை, சீல் பிரிப்பது. நகத்தை வைத்துக் கீறினார். நூல் அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். தோள்பட்டை சத்தம் போட்டது, பை போடவில்லை. கூரான கல் ஒன்றைத் தேடி எடுத்துத் தேய்த்தார். கல் மழுங்கியது. அப்போதுதான் அவருக்கு மெல்ல உறைத்தது. பட்டாணி தின்ன வேண்டுமென்றால் டின்னைத் திறக்க வேண்டும். டின்னைத் திறக்கக் கருவி வேண்டும். கருவியை எடுக்கப் பையைப் பிரிக்க வேண்டும். பையைப் பிரிக்கக் கத்தி வேண்டும். கத்தி? பைக்குள் இருக்கிறது.

"அடக் கடவுளே!" என்றார் டெஸ்டர், தண்ணீரைப் பார்த்து.

"என்ன சார், ஏதாவது விழுந்துடுச்சா?" என்று பின்னாலிருந்து குரல். அணைக்கட்டு வாட்ச்மேன். காக்கி உடுப்பு, தோளில் புல் அறுக்கிற அரிவாள். டெஸ்டர் விஷயத்தைச் சொன்னார். வாட்ச்மேன் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இவ்வளவுதானே? இங்க குடுங்க சார். அரிவாளால ஒரே இழுப்பு."

"தொடாதே!" என்று டெஸ்டர் பையைப் பிடுங்கிக்கொண்டார். "வெளிக்கருவி பட்டா டெஸ்ட் செல்லாது."

"சாவிய உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்த மாதிரி இருக்கே சார்."

"உனக்கு டெஸ்டிங் பத்தித் தெரியாது."

"தெரியாதுங்க" என்று வாட்ச்மேன் ஒத்துக்கொண்டான். அதற்குள் அவன் போன் அடித்தது. கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினான். காற்று வாக்கில் எல்லாம் காதில் விழுந்தது.

"ஆமாங்கம்மா... இங்கதான் இருக்கு... இல்லைங்க, இன்னும் எதுவும் வாயில வைக்கல... சரிங்கம்மா, பாத்துக்கறேன்."

"யாரு, வீட்லயா?" என்று கேட்டார் டெஸ்டர்.

வாட்ச்மேன் ஒரு நிமிஷம் முழித்தான். "ஆமா சார். வீட்லதான். ஒரு கன்னுக்குட்டி விஷயம். புது எடத்துல கட்டியிருக்கு. ஒரே எடத்துல நிக்குது, எதுவும் தின்ன மாட்டேங்குது."

பெண்டாட்டியையா இவன் 'ங்கம்மா' போட்டுப் பேசுகிறான்! தன்னைவிட மோசமான கேஸ் என்று டெஸ்டருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்புறம் பொறாமையாக இருந்தது. ஒரு கன்றுக்குட்டிக்கு இருக்கிற மரியாதையைப் பாருங்கள்! தன் போனை எடுத்துப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை. ஒருவேளை இங்கே சிக்னல் இல்லையோ?

"தம்பி, என் நம்பருக்கு ஒரு அடி அடிச்சுப் பாரேன்."

அடித்தான். போன் கணீரென்று அடித்தது.

"நல்லாத்தான் அடிக்குது சார்" என்றான் வாட்ச்மேன்.

"ம். நல்லாத்தான் அடிக்குது" என்றார் டெஸ்டர்.

பஸ் சத்தம் கேட்டது. டெஸ்டர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆபத்தில் இருக்கிற மனுஷன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். பஸ் நின்றது. ஒரு கிழவர் இறங்கினார், ஒரு மூட்டை இறங்கியது. பஸ் போய்விட்டது. டெஸ்டர் உட்கார்ந்தார். அடுத்த பஸ்ஸுக்கும் எழுந்தார், உட்கார்ந்தார். அதற்கு அடுத்ததுக்கும் எழுந்தார். அதில் யாருமே இறங்கவில்லை.

மத்தியானம் வெயில் தண்ணீர்மேல் படுத்துக் கிடந்தது. வயிறு காந்தியது. சுற்றிலும் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. டெஸ்டர் அந்தப் பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சீரான தையல். ஒரு இடத்திலும் நூல் பிசகவில்லை. எவ்வளவு அக்கறையாகத் தைத்திருக்கிறாள்! இந்தப் பைமேல் வைத்த அக்கறையில் பாதியை என்மேல் வைத்தால் என்ன என்று நினைத்தார். முன்கூடத்தில் இப்போது சிரித்துக்கொண்டிருப்பார்கள். பின்ரூமில் ஆள் இல்லை என்பது யாருக்காவது தெரிந்திருக்குமா? பாத்ரூமில் பாட்டுக் கேட்கவில்லையே என்று ஒருத்தியாவது கேட்டிருப்பாளா? பெரிய தொழிற்சாலையையே நடுங்கவைத்த மனுஷன், தண்ணீரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெயில் கூசுகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

பசி பொறுக்காமல் பையைப் பல்லால் கடித்தார். முன்பல் ஆடியதுதான் மிச்சம். தூரத்தில் வாட்ச்மேன் மறுபடி போனில்.

"ஆமாங்கம்மா, இப்ப பையக் கடிக்குது... ஆமா, பல்லாலதான்... பஸ் சத்தம் கேட்டா மட்டும் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்குது... ஐயோ, அழாதீங்கம்மா. குடுக்கறேன், குடுக்கறேன்."

பசி வந்தால் கன்றுக்குட்டியும் பையைத்தான் கடிக்கும்போல என்று டெஸ்டர் நினைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் ஒரு பொட்டலத்தோடு வந்தான். உள்ளே ரொட்டியும் வாழைப்பழமும்.

"சாப்பிடுங்க சார். வீட்ல குடுக்கச் சொன்னாங்க."

"எனக்கா? உங்க வீட்லயா?"

"நீங்க பசியோட இருக்கீங்கன்னு சொன்னேன். மனசு கேக்கலையாம்."

டெஸ்டர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். யார் வீட்டு அம்மாவோ, முகம் தெரியாத மனுஷி, அவளுக்கு இருக்கிற ஈரம்கூடத் தன் வீட்டில் இல்லையே! ரொட்டியைப் பிட்டுத் தின்றார். பொட்டலம் கொடுத்தவனின் உடுப்பு கண்ணில் பட்டது. பாக்கெட்டில் ரெட்டைத் தையல், மூலையெல்லாம் மடிப்பு. வீட்டு ஞாபகம் வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டது.

"அந்தக் கன்னுக்குட்டி என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார், பேச்சை மாற்ற.

"அப்படியேதான் சார் இருக்கு. துணை இல்லாம ஏங்குது."

"பாவம். யாராவது பக்கத்துல போய் ரெண்டு வார்த்தை பேசலாம்ல? அதுக்கு மட்டும் மனசு இல்லையா?"

"வீட்டுக்குப் போனா சரியாயிடும் சார்."

வெயில் சாய்ந்தது. டெஸ்டர் விதியை மனசுக்குள் அடக்கம் செய்துவிட்டு, "சரி, அந்த அரிவாளைக் கொண்டா" என்றார். வாட்ச்மேன் பதறிப் பின்வாங்கினான். "வேண்டாம் சார், டெஸ்ட் கெட்டுடும். அப்படியே மூட்டையா வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க." இவனுக்கு எப்போது டெஸ்டிங்மேல் இவ்வளவு பக்தி வந்தது என்று டெஸ்டருக்கு விளங்கவில்லை.

கடைசி பஸ் வந்தது. அதிலும் அவள் இல்லை. டெஸ்டர் எழுந்தார். இறங்க ஆள் இல்லாத பஸ்ஸில் ஏறிக்கொண்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் எடுத்த முடிவு ஒன்றுதான். தோற்றது தோற்றதுதான், ஆனால் அது அவளுக்குத் தெரியக் கூடாது.

வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. முன்கூடத்தில் மெஷின்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. மேஜையில் சூடாகச் சாப்பாடு. தட்டு இரண்டு. இரண்டு ராத்திரி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போன வீட்டில் தட்டு ஏன் இரண்டு என்று ஒரு கணம் தோன்றியது. பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

"வாங்க. டெஸ்ட் அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்று மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"முடிஞ்சிடுச்சு. நான் செஞ்ச வேகத்துக்கு ஒரு நாளே அதிகம்" என்றார்.

"எப்படி இருந்துச்சு? முழுசா சொல்லுங்களேன்."

முழுசா சொல்லுங்களேன்! கையில் ஊசி இல்லை, மடியில் துணி இல்லை. கன்னத்தில் கையை வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு! டெஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. அவிழ்த்துவிட்டார்.

"கத்தியா அது? வெண்ணெய்ல இறங்கற மாதிரி இறங்குது. ரம்பத்தால ஒரு மரத்தையே சாய்ச்சேன்."

"மரத்தையா?"

"சின்ன மரம். டின் ஓப்பனரை வச்சா டின்னு தானா வாயத் திறக்குது. பட்டாணிய நெருப்பு மூட்டி வறுத்துத் தின்னேன். நெருப்புக் குச்சி ஒரே ஒரசல்! அப்ப ஒரு நரி வந்துச்சு பாரு..."

"ஐயையோ! நரியா? அப்புறம்?"

"குறட்டால ஒரு தட்டு. ஓடியே போச்சு."

"அந்த டூலை எனக்குக் கொஞ்சம் காட்டுங்களேன்."

"அது... பைக்கு அடியில இருக்கு. நாளைக்குக் காட்டறேன்."

"வேணாம், சிரமப்படாதீங்க. இதோ இருக்கு" என்று மனைவி மெஷின் டிராயரைத் திறந்தாள். மல்டி டூலை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

டெஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. வாயில் வைத்த கவளம் வாயிலேயே நின்றது.

"அப்ப... பையில?"

"பாத்ரூம் தாழ்ப்பாள். எடைக்கு எடை சரியா இருந்துச்சு."

நாள் பூராவும் பாத்ரூம் தாழ்ப்பாளோடு காட்டில் இருந்திருக்கிறார்! அதைத்தான் கடித்திருக்கிறார். 'இரும்புன்னா இதுதான் இரும்பு' என்று அதைத்தான் புகழ்ந்திருக்கிறார்.

"காட்டுக்கு எதுக்குங்க போகணும்? நாங்க இங்கயே டெஸ்ட் பண்ணிட்டோம்" என்றாள். "ஸ்க்ரூ டிரைவர் நல்லா இருக்கு, ஆடுன மெஷின் எல்லாத்தையும் முடுக்கிட்டோம். குறடு பரவாயில்ல, ஒழுகற குழாய் நின்னுடுச்சு. ரம்பம் மொண்ணை. கொல்லையில ஒரு கிளை, ஆளுக்கு ஆள் மாத்தி அறுத்தோம், பாதிதான் போச்சு. கத்தரி சுத்த மோசம், நூல்கூட வெட்டல. டின் ஓப்பனர் கையைக் கிழிக்குது. நெருப்புக் குச்சி மட்டும் பிரமாதம். தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். தாழ்ப்பாள் ஒன்னைத்தான் மாட்ட முடியல. அது உங்ககூட வந்திடுச்சு."

"நான் கொண்டுபோனதைத் திறந்திருந்தா?"

"எப்படித் திறப்பீங்க? பல்லாலயும் பிரியக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? கருவி இல்லன்னா ராத்திரி தங்க மாட்டீங்க. கடைசி பஸ்ஸுல வந்திடுவீங்க."

டெஸ்டருக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு அழுகையும் வந்தது. "ஒரு போன் பண்ணியா நீ? நாள் முழுக்க அங்க உக்காந்திருந்தேன். உயிரோட இருக்கானா இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்டியா? ஊரு பேரு தெரியாத வாட்ச்மேன் பெண்டாட்டி எனக்கு ரொட்டி குடுத்தனுப்பறா. கட்டின பெண்டாட்டி..."

"அவருக்கு ஏதுங்க பெண்டாட்டி? கல்யாணமே ஆகல."

டெஸ்டர் நிமிர்ந்தார்.

"அவரு உடுப்பு நான் தச்சதுதான். டெஸ்ட் நடக்கும்போது வெளியாள் தொந்தரவு கூடாதுன்னு சொல்லிட்டீங்க. உங்களுக்குப் பண்ண முடியாது. அதான் அவருக்குப் பண்ணினேன். நீங்க ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கறீங்கன்னு அவரு சொன்னப்ப, கிளாஸை விட்டுட்டுக் கிளம்பி வந்திடலாம்னுதான் இருந்துச்சு." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கன்றுக்குட்டி! புது இடத்தில் கட்டிய கன்றுக்குட்டி! டெஸ்டர் அசடு வழிய உட்கார்ந்திருந்தார். ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் குளிர்ந்தது. அழாதீங்கம்மா என்று அவன் சொன்னது இவளிடமா!

"அப்ப போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"நீங்க 'நீயும் வாயேன்'னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் அவள். "ரெண்டு ராத்திரி நான் இருக்க மாட்டேன், தனியாப் போறேன், இதைத்தானே சொன்னீங்க? இத்தனை வருஷத்துல எங்கயாவது என்னைக் கூப்பிட்டிருக்கீங்களா? தனியா இருக்கறது நீங்க மட்டும்தானா இந்த வீட்ல?"

டெஸ்டர் முன்கூடத்துச் சிரிப்பை எல்லாம் எண்ணிப் பார்த்தார். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு மெஷின்களை ஒவ்வொன்றாக மூடுகிறவள் யார் என்று அவர் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. பையிலிருந்து கேன்வாஸ் மூட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவள் டிராயரிலிருந்து தன் கத்தரியை எடுத்து ஒரே வெட்டில் பிரித்தாள். தாழ்ப்பாள் ணங்கென்று விழுந்தது. சாப்பாட்டைப் பாதியில் விட்டு, டெஸ்டர் எழுந்து போய் மல்டி டூலாலேயே அதை மாட்டிவிட்டு வந்தார்.

"தம்பி அடுத்த சாம்பிள் அனுப்பறானாம்" என்றாள், சாதம் போட்டபடி. "கூடாரம். ரெண்டு பேர் தங்கறது. மழை தாங்குமா, காத்து தாங்குமான்னு அணைக்கட்டுப் பக்கம் வச்சுப் பாக்கணுமாம்."

டெஸ்டர் தட்டைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். கேட்டே விட்டார்.

"நீயும் வர்றியா?"

"வராம? டெஸ்டர் இல்லாம டெஸ்ட் எப்படி நடக்கும்? என் ரிப்போர்ட்டைக் கேட்டதுல இருந்து, இனிமே எல்லாச் சாம்பிளும் அக்காதான்னு தம்பி சொல்லிட்டான்."

"டெஸ்டர் நீயா? அப்ப நான் யாரு?"

சட்டைக்கு அளவெடுப்பவள்போல அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள்.

"உள்ள படுக்க இன்னொரு ஆள் எடை வேணுமில்ல? நீங்க மணல் மூட்டை."